ஐஸ்கிரீம் நிறுவனம் ஒன்றின் வரலாற்றை நம் ஊரிலிருந்து எழுதுவது எப்படி?

ஐஸ்கிரீம் நிறுவனத்தின் வரலாற்றை எழுத முற்படுவோரில் பலர், நிறுவனரின் இளமைக் காலத்தில் தொடங்கி, அவர் கையில் வைத்திருந்த சிறு தொகையைச் சொல்லி, இன்றைய விற்றுமுதலில் கொண்டுபோய் முடித்துவிடுகிறார்கள். இடையில் நடந்தது என்ன என்பதற்கு விடாமுயற்சி, தரம், வாடிக்கையாளர் நம்பிக்கை என்ற மூன்று சொற்களே அவர்களிடம் இருக்கும். சோப்பு நிறுவனத்துக்கும் தீப்பெட்டி நிறுவனத்துக்கும் கூட அதே மூன்று சொற்கள் பொருந்தும் என்பதால், அப்படி எழுதப்பட்ட வரலாற்றில் ஐஸ்கிரீம் இருப்பதே இல்லை. சென்னையிலோ அகமதாபாத்திலோ செய்த ஒரு பண்டம் பென்னாகரத்துப் பேக்கரிக்கு உருகாமல் வந்து சேர்ந்தது எப்படி, எந்த ஆண்டிலிருந்து, யார் கொண்டுவந்து, எந்தப் பெட்டியில் வைத்து விற்றார்கள் என்ற கேள்விகளே ஐஸ்கிரீமுக்கு உரிய வரலாறு. அதை எழுதுவதற்குத் தலைநகரில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இருப்பவருக்கு அது இன்னும் எளிது என்பேன். வணிகவியல் மாணவர்கள் ஆய்வுத்திட்டத்துக்காகவும், உள்ளூர் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் கட்டுரைக்காகவும் இந்த வேலையை எப்படிச் செய்யலாம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தல்

நாடு முழுவதும் பெயர் தெரிந்த ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன் பொருள் உங்கள் ஊரில் குறைந்தது இரு தலைமுறையாகவாவது விற்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏட்டுச் செய்தி மட்டுமே கிடைக்கும், களச் செய்தி கிடைக்காது. இந்தக் கட்டுரையில் அருண் ஐஸ்கிரீம்ஸ் நிறுவனத்தை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் பிறந்து வெளி மாநிலங்களுக்குப் போனது, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஹட்சன் அக்ரோ புராடக்ட் என்னும் நிறுவனத்துக்குச் சொந்தமானது என்பதால் ஆவணங்களும் எளிதில் கிடைக்கும். ஒப்பிடுவதற்கு அமுல், வாடிலால், குவாலிட்டி வால்ஸ், நேச்சுரல்ஸ் ஆகியவற்றை அருகில் வைத்துக்கொண்டால் போதும்.

தொடங்கிய ஆண்டு எது?

முதல் சிக்கல் இங்கேயே தொடங்கிவிடும். அருண் ஐஸ்கிரீம்ஸ் 1970 இல் சென்னை ராயபுரத்தில் ஆர்.ஜி. சந்திரமோகன் தொடங்கியது என்று எல்லாக் கட்டுரைகளும் சொல்லும். நிறுவனப் பதிவேட்டைப் பார்த்தால் ஹட்சன் 1986 இல் பதிவானதாக இருக்கும். இரண்டும் சரியே. முன்னது பண்டம் விற்கத் தொடங்கிய ஆண்டு, பின்னது சட்டப்படி ஒரு கம்பெனி பிறந்த ஆண்டு. வாடிலால் நிறுவனத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. அகமதாபாத்தில் வாடிலால் காந்தி 1907 இல் தொடங்கியது சோடாக் கடை. ஐஸ்கிரீமுக்கென்று தனிக் கடை வந்தது 1926 இல். அமுலின் வேர் 1946 இல் பதிவான கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியத்தில் இருக்கிறது. ஆனால் அமுல் ஐஸ்கிரீம் கடைக்கு வந்தது 1996 இல்தான். குவாலிட்டி வால்ஸில் இரண்டு மரங்களை ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்: 1940 இல் டெல்லி கன்னாட் பிளேஸில் பிறந்த குவாலிட்டி ஒரு பக்கம், இங்கிலாந்தில் இறைச்சிக் கடையாகத் தொடங்கி 1922 இல் ஐஸ்கிரீமுக்கு வந்த வால்ஸ் மறுபக்கம். நேச்சுரல்ஸ் மட்டும் ஒப்பீட்டளவில் தெளிவாக, 1984 இல் மும்பை ஜுஹுவில் ரகுநந்தன் காமத் திறந்த ஒரே கடையிலிருந்து கிளம்புகிறது.

ஆகவே "தொடங்கிய ஆண்டு" என்று ஒன்றை மட்டும் எழுதாதீர்கள். குடும்பம் தொழிலுக்கு வந்த ஆண்டு, முதல் ஐஸ்கிரீம் விற்ற ஆண்டு, கம்பெனி பதிவான ஆண்டு, உங்கள் மாவட்டத்துக்கு வந்த ஆண்டு என நான்கு வரிகளைக் குறிப்பேட்டில் ஒதுக்குங்கள். முதல் மூன்றும் காகிதத்திலேயே கிடைத்துவிடும். நான்காவதை எந்த நிறுவனத்தின் இணையதளமும் சொல்லாது. அதைக் கண்டுபிடிப்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

காகித ஆதாரங்களில் மூன்றை மட்டும் சொல்கிறேன். நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் எந்தக் கம்பெனியின் பதிவு நாளையும் பதிவு அலுவலக முகவரியையும் பார்க்கலாம். பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால் ஆண்டறிக்கைகள் பங்குச் சந்தை இணையதளத்தில் வரிசையாக இருக்கும். அவற்றில் இயக்குநர் குழுவின் முன்னுரையைத் தாண்டி, தொழிற்சாலைகள் இருக்கும் ஊர்களின் பட்டியலையும் வாங்கிய நிலையான சொத்துகளின் விவரத்தையும் படியுங்கள், ஏனெனில் குளிர்பதனக் கிடங்கு கட்டிய செய்தி அங்கேதான் ஒளிந்திருக்கும். மூன்றாவது வணிகக் குறிப் (டிரேட்மார்க்) பதிவகம். ஐஸ்கிரீம் 30 ஆம் வகுப்பில் வரும். அந்த வகுப்பில் பெயரைக் கொடுத்துத் தேடினால் விண்ணப்பித்த நாளும், எந்த நாளிலிருந்து இந்தப் பெயரைப் பயன்படுத்துவதாக அவர்கள் கூறிக்கொள்கிறார்கள் என்பதும் தெரியும். பின்னது விண்ணப்பதாரரின் கூற்று மட்டுமே என்பதை மறக்க வேண்டாம்.

பத்திரிகைப் பேட்டிகளை எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. சந்திரமோகன் 13,000 ரூபாய் முதலீட்டில் தொடங்கினார் என்ற செய்தியை எண்ணற்ற கட்டுரைகளில் காணலாம். அத்தனை கட்டுரைகளும் அவர் சொன்னதையே திருப்பிச் சொல்பவை என்றால், ஆதாரம் ஒன்றே ஒன்றுதான். ஐம்பது இடத்தில் அச்சாகியிருப்பதால் அது ஐம்பது சாட்சி ஆகிவிடாது. "என்று அவர் கூறியிருக்கிறார்" என்று எழுதிவிட்டால் நீங்களும் பிழையின்றித் தப்பிப்பீர்கள், வாசகருக்கும் எடை தெரியும்.

ஒரு காலத்தில் ஏன் எல்லாமே ஊர்க் கம்பெனிகள்?

களத்தில் இறங்குமுன் ஒரு சட்டச் செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பெரியவர்கள் சொல்வது பாதி புரியாது. ஐஸ்கிரீம் தயாரிப்பு நெடுங்காலம் சிறுதொழில் துறைக்கென்று ஒதுக்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தது. 1997 இல்தான் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு முன் பெரிய நிறுவனம் ஒன்று நினைத்த இடத்தில் நினைத்த அளவில் ஐஸ்கிரீம் ஆலை கட்ட முடியாது. 1990களின் நடுவில் இந்துஸ்தான் லீவர் குழுமம் புதிதாகப் பெயர் உருவாக்குவதைவிட, ஏற்கெனவே சந்தையில் இருந்த குவாலிட்டியோடு கைகோத்து, கேட்பரியின் டாலப்ஸ் போன்ற பெயர்களை விலைக்கு வாங்கியதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். அமுல் 1996 இல் நுழைந்ததும், ஓராண்டில் ஒதுக்கீடு விலகியதும், அடுத்த பத்தாண்டுகளில் சிறு ஊர்க் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனதும் அடுத்தடுத்து நடந்தவை.

ஆகவே 1980களில் தர்மபுரியில் எந்தக் கம்பெனி ஐஸ்கிரீம் கிடைத்தது என்று கேட்டால், இன்று எவருக்கும் தெரியாத ஒரு பெயரைச் சொல்வார்கள். அதை ஒதுக்கிவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள். தேசிய நிறுவனம் காலி இடத்துக்கு வரவில்லை. யாருடைய இடத்துக்கோ வந்தது. அந்த "யாரோ" பெரும்பாலும் ஓர் ஐஸ் ஃபேக்டரிக்காரராக இருப்பார். மீனுக்கும் சோடாக் கடைக்கும் ஐஸ் பாளம் தயாரித்துக்கொண்டு, அதே உப்புநீர்த் தொட்டியில் அச்சுகளை இறக்கிக் குச்சி ஐஸும் சேமியா ஐஸும் பால் ஐஸும் போட்டவர்கள் அவர்கள். உப்புக் கரைசல் சுழியத்துக்குக் கீழ் போனாலும் உறையாது என்பதுதான் அந்தத் தொழிலின் அடிப்படை. அம்மோனியா ஓடும் குழாய்கள் உப்புநீரைக் குளிர்விக்க, அந்த உப்புநீர் அச்சுக்குள் இருக்கும் சர்க்கரைத் தண்ணீரை உறைய வைக்கும். அருண் ஐஸ்கிரீம்ஸின் தொடக்கமும் குச்சி ஐஸும் தள்ளுவண்டியுமாகத்தான் இருந்தது என்பதை நினைவில் வைத்தால், ராயபுரத்துக்கும் நம் ஊர் ஐஸ் ஃபேக்டரிக்கும் இருந்த தொலைவு தொடக்கத்தில் அவ்வளவு பெரிதில்லை என்பது விளங்கும். ஒன்று வளர்ந்து மற்றது மூடப்பட்டதற்குக் காரணம் தேடுவதுதான் வரலாற்றாசிரியரின் வேலை.

கடைகளில் தேட வேண்டியவை

இனி தெருவுக்கு வரலாம். தர்மபுரி நான்கு ரோட்டிலிருந்து தொடங்கினாலும் சரி, கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து தொடங்கினாலும் சரி, முதலில் பார்க்க வேண்டியது பேக்கரிகளையும் பழைய கூல்டிரிங்ஸ் கடைகளையும். அங்கே உங்களுக்கு வேண்டியது ஐஸ்கிரீம் அல்ல, ஃப்ரீசர்.

ஃப்ரீசரை ஓர் ஆவணமாகப் படிக்கப் பழகுங்கள். பெரும்பாலான கடைகளில் அது கடைக்காரர் வாங்கியது அல்ல. முன்பணம் பெற்றுக்கொண்டோ பெறாமலோ கம்பெனி கொடுத்தது. வேறு கம்பெனி ஐஸ்கிரீமை அதில் வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வரும். பின்பக்கமோ பக்கவாட்டிலோ கம்ப்ரஸருக்கு அருகில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும், பல தகடுகளில் தயாரித்த மாதமும் ஆண்டும் கூட இருக்கும். பிறகு வெளிப்புற ஸ்டிக்கரைப் பாருங்கள். வெயில் படும் பக்கத்தில் நிறம் வெளுத்த ஸ்டிக்கரின் ஓரம் சுருண்டு, அடியில் வேறொரு நிறுவனத்தின் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும். அதற்கும் அடியில், வெள்ளைத் தகட்டில் பழுப்பேறிய பசைத் தடம் மட்டும் ஓர் எழுத்தின் வளைவைப் போல நிற்கும். அந்தக் கடையில் எந்தப் பெயர் போய் எந்தப் பெயர் வந்தது என்ற வரிசை அந்த அரை அடிக்குள் இருக்கிறது. கடைக்காரரின் அனுமதியோடு பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி வைத்துப் படமெடுங்கள். நேர் எதிரே நின்று எடுத்தால் கண்ணாடி மினுக்கம்தான் பதிவாகும். அனுமதி கேட்கும்போது "ஆய்வு" என்று ஆரம்பித்தால் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்துவிட்டாரோ என்று கடைக்காரர் பதறுவார். பழைய ஐஸ்கிரீம் கம்பெனிகளைப் பற்றி எழுதுகிறேன் என்று நேரே சொல்லிவிடுவது நல்லது.

ஃப்ரீசரின் வெப்பநிலையையும் கேளுங்கள். ஐஸ்கிரீம் மைனஸ் 18 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். ஒருமுறை தளர்ந்து மறுபடி உறைந்தால் நுண்ணிய பனித்துகள்கள் பெருத்து, நாக்கில் நறநறவென்று படும். கடைக்காரர் "மணல் மாதிரி ஆயிடுச்சு" என்று திருப்பி அனுப்பிய பெட்டிகளின் கதையைக் கேட்டால், எந்த ஆண்டுகளில் குளிர் அறுந்தது என்பது தெரியும். 2008 முதல் 2013 வரை தமிழ்நாட்டில் நிலவிய மின்வெட்டு, அதிலும் 2012 இல் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தது, ஐஸ்கிரீம் வரலாற்றில் தனி அத்தியாயமாக வர வேண்டியது. ஜெனரேட்டர் வாங்கியவர் யார், ஐஸ்கிரீமையே கைவிட்டவர் யார், நட்டத்தைக் கம்பெனி ஏற்றதா, ஏஜென்சி ஏற்றதா, கடைக்காரர் தலையில் விழுந்ததா என்று கேளுங்கள். பொதுவாக இந்தக் கேள்விக்குப் பதில் நீளமாகவே வரும்.

அடுத்தது காகிதங்கள். ஏஜென்சிக்காரர்களும் பழைய கடைக்காரர்களும் பில் புத்தகங்களையும் விலைப்பட்டியல்களையும் பரணில் போட்டு வைத்திருப்பார்கள். தேதி கிழிந்துபோன காகிதத்தின் காலத்தைக் கண்டுபிடிப்பதில் நம் மாவட்டங்களுக்கு ஒரு வசதி உண்டு. தர்மபுரி 2-10-1965 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 9-2-2004 அன்று தர்மபுரியிலிருந்து பிரிந்தது. ஆகவே "ஓசூர், தர்மபுரி மாவட்டம்" என்று அச்சிட்ட பில் இந்த இரு நாள்களுக்கு இடைப்பட்டது. "கிருஷ்ணகிரி மாவட்டம்" என்று இருந்தால் 2004க்குப் பிந்தியது. பழைய அச்சுக் காகிதத்தைத் தீரும்வரை பயன்படுத்தும் பழக்கம் நம் கடைகளில் உண்டென்பதால், ஓரிரு ஆண்டுகள் தள்ளுபடி கொடுத்துக் கணக்கிடுங்கள். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு வந்தது. அனுப்புநர் முகவரியில் மெட்ராஸ் என்று இருக்கிறதா சென்னை என்று இருக்கிறதா என்பது 1996க்கு முன்னா பின்னா என்பதை ஓரளவு காட்டும். ஆனால் தமிழில் அச்சிட்டவர்கள் எப்போதுமே சென்னை என்றுதான் போட்டார்கள் என்பதால் இந்தச் சோதனை ஆங்கிலத்தில் அச்சிட்ட பில்லுக்கு மட்டுமே பொருந்தும்.

வரி எண் இன்னும் துல்லியமானது. தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி 2007 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குரிய 11 இலக்க டின் எண் இருந்தால் காகிதம் அதற்குப் பிந்தியது. 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருந்தால் 2017 ஜூலை 1க்குப் பிந்தியது. அந்த எண்ணின் முதல் இரு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும்: 33 தமிழ்நாடு, 29 கர்நாடகம், 24 குஜராத். ஓசூர்க் கடைக்குச் சரக்கு அனுப்பியவரின் பில்லில் 29 இருந்தால் அது கர்நாடகத்திலிருந்து, பெரும்பாலும் பெங்களூரிலிருந்து, இறங்கியிருக்கிறது என்று பொருள். 33 இருந்தால் சேலம் பக்கமிருந்தோ சென்னைப் பக்கமிருந்தோ வந்திருக்கலாம். மாநில எல்லையில் இருக்கும் ஊருக்கு மட்டுமே கிடைக்கும் தடயம் இது. ஐஸ்கிரீமுக்கான ஜி.எஸ்.டி. 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது 2025 செப்டம்பர் 22 அன்று என்பதால், மிக அண்மைக் காலப் பில்களையும் இனிமேல் இப்படிப் பிரித்துவிடலாம்.

கப்புகளும் உறைகளும் கிடைத்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணைத் தேடுங்கள். அந்த முறை 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. எண் இல்லாத உறை பெரும்பாலும் அதற்கு முந்தியது. எண்ணின் நான்காவது, ஐந்தாவது இலக்கங்கள் உரிமம் பதிவான ஆண்டைக் காட்டும். அதைக் கம்பெனி தொடங்கிய ஆண்டாக எடுத்துக்கொள்ளும் தவறு மாணவர் அறிக்கைகளில் அடிக்கடி வருகிறது. 1970 இல் தொடங்கிய கம்பெனிக்கும் 2011க்குப் பிந்திய உரிம எண்தான் இருக்கும். கரண்டியும் சாட்சி சொல்லும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஐஸ்கிரீமுக்கான பிளாஸ்டிக் குச்சி, கரண்டி ஆகியவற்றுக்கு நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் தடை. மூடிக்குள் மரக் கரண்டி இருக்கும் கப் ஒன்று மிகப் பழையது, அல்லது மிகப் புதியது.

உறையில் "ஐஸ்கிரீம்" என்று இருக்கிறதா, "ஃப்ரோசன் டெஸர்ட்" என்று இருக்கிறதா என்பதையும் குறியுங்கள். ஐஸ்கிரீம் என்று சாதாரணமாகப் பெயரிட வேண்டுமானால் பால் கொழுப்பு 10 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. தாவரக் கொழுப்பில் செய்தது ஃப்ரோசன் டெஸர்ட் எனப்படும். இந்த வேறுபாட்டை மையமாக வைத்து அமுல் வெளியிட்ட விளம்பரங்களை எதிர்த்து, குவாலிட்டி வால்ஸை விற்றுவந்த இந்துஸ்தான் யூனிலீவர் (முன்பு இந்துஸ்தான் லீவர்) 2017 இல் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒரே பெயரில் வந்த ஒரே கப்பின் பழைய உறையில் ஒரு சொல்லும் புதிய உறையில் வேறு சொல்லும் இருந்தால், நிறுவனத்தின் செலவுக் கணக்கு மாறிய காலத்தை நீங்கள் பிடித்துவிட்டீர்கள்.

மனிதர்களிடம் கேட்பது

ஐஸ் வண்டி ஓட்டியவர்கள், ஏஜென்சியில் டெம்போ ஓட்டியவர்கள், லைன் போன சேல்ஸ்மேன்கள், பேக்கரி மாஸ்டர்கள் என்று நான்கு வகையினரையும் சந்தியுங்கள். முதலாளிகளை விட ஓட்டுநர்களுக்கு அதிகம் நினைவிருக்கும். எந்த ஊரில் எத்தனை மணிக்கு இறங்கினால் சரக்கு தாங்கும் என்பதை உடம்பால் அறிந்தவர்கள் அவர்கள். வண்டிக்காரர்களைத் தேட அம்மன் திருவிழாக்களையும், கோடையில் நடக்கும் பாரதக் கூத்துத் திடல்களையும் விட நல்ல இடம் இல்லை. பதினெட்டாம் போர் நாளன்று எங்கிருந்தோ எல்லா வண்டிகளும் வந்து சேர்ந்துவிடும்.

"எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் மரியாதைக்காக ஏதாவது ஓர் ஆண்டைச் சொல்வார்கள், அதை நீங்கள் எழுதிவிடுவீர்கள். மாறாக இப்படிக் கேளுங்கள்: "ஏங்க தாத்தா, இந்தக் கம்பெனிப் பெட்டி வந்தது எம்.ஜி.ஆர். இறந்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?" "உங்க மூத்த பொண்ணு கல்யாணத்துக்குக் கப் ஐஸ் வெச்சீங்களா, அது எந்தக் கடையில வாங்கினதுங்க?" "மாவட்டம் பிரியறப்ப ஏஜென்சி தர்மபுரியில இருந்துச்சா, கிருஷ்ணகிரிக்கு மாறிடுச்சாங்க?" இவற்றுக்கு வரும் பதில் ஓராண்டுப் பிழைக்குள் அடங்கும். கல்யாணப் பத்திரிகை வீட்டில் இருந்தால் பிழையே இருக்காது.

வந்த வழியையும் கேளுங்கள். தர்மபுரி சேலம்-பெங்களூர் ரயில் பாதையில் இருக்கிறது. கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் கிடையாது, ஆனால் சென்னை-பெங்களூர்ச் சாலையும் சேலம் சாலையும் அங்கேதான் சந்திக்கின்றன. ஆகவே ரயிலில் வந்த காலத்துக்கும் சாலையில் வந்த காலத்துக்கும் இரு ஊர்களின் அனுபவமும் வேறாகவே இருக்கும். தெர்மோகோல் பெட்டியில் என்ன போட்டு வந்தது? உப்பும் ஐஸும் என்றால் சரியான விகிதத்தில் கலந்தால் மைனஸ் 20 வரை இறங்கும், ஆனால் உருகித் தண்ணீராகி அட்டையை நனைக்கும். உலர் பனிக்கட்டி என்றால் மைனஸ் 78 டிகிரியில் நேரடியாக ஆவியாகும், தண்ணீரே வராது. ஆனால் அதைத் தயாரிக்கும் இடத்திலிருந்து தொலைவு கூடக்கூடச் செலவும் கூடும். "பொட்டியத் தொறந்தா பொகையா வரும், கைய வெச்சா சுட்ரும்" என்று ஒருவர் சொன்னால், உலர் பனிக்கட்டி என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்காவிட்டாலும் அவர் கையாண்டது அதைத்தான். குளிரூட்டிய வண்டி வந்த பிறகு இந்தக் கேள்வியே மறைந்துவிடுகிறது. மறைந்த ஆண்டு உங்கள் கட்டுரையின் திருப்பம். அரூருக்கும் பாலக்கோட்டுக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் அது ஒரே ஆண்டில் நடந்திருக்காது. ஊர்வாரியாக எழுதி ஒரு வரைபடத்தில் குறித்தால், எந்த நிறுவன வெளியீட்டிலும் இல்லாத ஒரு படம் கையில் கிடைக்கும்.

பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள். பேசி முடித்ததும் நீங்கள் எழுதிக்கொண்டதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கடன், பாக்கி, ஏஜென்சி பறிபோன தகராறு போன்றவற்றைச் சொல்லும்போது பெயரைப் போடலாமா என்று தனியாகக் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள்.

நம் மாவட்டத்திலிருந்து போனது

சரக்கு இங்கே வந்த கதையோடு, இங்கிருந்து போன கதையும் ஒன்று உண்டு. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாம்பழக் கூழ் ஆலைகள் தோத்தாபுரியையும் பிற ரகங்களையும் கூழாக்கிக் கிருமி நீக்கிய பைகளில் அடைத்து உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புகின்றன. நீங்கள் எழுதும் நிறுவனம் மாம்பழ ஐஸ்கிரீமுக்குக் கூழை எங்கிருந்து வாங்கியது என்று ஆலைகளில் விசாரியுங்கள். பருவம் ஏப்ரல் முதல் ஜூலை வரை என்பதால் அந்த மாதங்களில் யாரும் பேச நேரமில்லாமல் இருப்பார்கள், செப்டம்பரில் போங்கள். பால் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம். எந்த நிறுவனத்தின் பால் கொள்முதல் நிலையம் எந்தக் கிராமத்தில் எப்போது திறந்தது என்பதைப் பால் ஊற்றும் வீடுகளின் அட்டைகளே சொல்லிவிடும்.

எழுதும்போது

ஆண்டு வரிசைப்படி எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. என் விருப்பம், ஊருக்கு முதல் ஃப்ரீசர் வந்த நாளிலிருந்து தொடங்கி, அது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிச் சென்று, தலைமையகத்தை நடுவில் வைப்பது. நிறுவனரின் வாழ்க்கைக்கு இரண்டு பத்திகள் போதும். உரிமை கைமாறிய விவரங்களைச் சுருக்கமாகவும் நாளோடும் கொடுங்கள். இந்துஸ்தான் யூனிலீவர் தன் ஐஸ்கிரீம் தொழிலைத் தனி நிறுவனமாகப் பிரிக்க 2024 நவம்பரில் முடிவெடுத்தது போன்ற செய்திகள், கடையில் பெட்டி மாறாத வரை உள்ளூர் வாசகருக்கு அடிக்குறிப்பு அளவே முக்கியம்.

உள்ளூர்ச் செய்தி ஒவ்வொன்றுக்கும் இரண்டு தனித்தனி ஆதாரம் வேண்டும் என்ற விதியை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வாய்மொழியும் ஒரு காகிதமும், அல்லது ஒருவரையொருவர் அறியாத இருவரின் வாய்மொழி. ஒன்று மட்டுமே கிடைத்தால் "என்று நினைவுகூர்கிறார்" என்று எழுதுங்கள். பழைய விளம்பரங்களை ஒப்பிட, சென்னைக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் கன்னிமாரா நூலகத்திலும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் கோடைக்கால வார இதழ்களைப் புரட்டுங்கள்; ஏப்ரல், மே இதழ்களை மட்டும் பார்த்தாலே ஐஸ்கிரீம் விளம்பரங்களில் பெரும்பகுதி கிடைத்துவிடும். நேரில் போவதற்கு முன் எந்த ஆண்டுகள் வேண்டும் என்பதைக் களக்குறிப்பிலிருந்து முடிவு செய்துகொண்டு போனால், ஒரு நாள் வேலையாக முடியும்.

வரைவு முடிந்ததும் நிறுவனத்துக்கு அனுப்புவதானால் ஆண்டுகளையும் இடப்பெயர்களையும் மட்டும் தனித்தாளில் எழுதிச் சரிபார்க்கக் கேளுங்கள். முழுக் கட்டுரையையும் அனுப்பினால் மின்வெட்டுப் பத்தியை எடுத்துவிட்டு, விடாமுயற்சி, தரம், வாடிக்கையாளர் நம்பிக்கை ஆகியவற்றைச் சேர்த்துத் திருப்பி அனுப்புவார்கள். சேகரித்த பில்களையும் உறைகளையும் கடைக்காரருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, கிடைத்த இடம், நாள், கொடுத்தவரின் கடை இருக்கும் தெரு ஆகியவற்றைக் குறித்த படங்களின் ஒரு படியை மாவட்ட மைய நூலகத்திலும், மற்றொன்றை நீங்கள் படித்த கல்லூரியின் வணிகவியல் துறையிலும் வைக்க ஏற்பாடு செய்யுங்கள்.